இரண்டிலும் வெள்ளைப்பூ

எங்கள் குலதெய்வத்தின் காலடியில் நான் ஒரு பொய்யைக் கட்டிப் போட்டேன். அதை நம்பி ஒருத்தி பதினான்கு வருஷம் என் வீட்டில் வாழ்ந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்லப் பார்க்கிறேன்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பெண் கொடுக்கலாமா, கிணறு தோண்டலாமா, ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா என்று மனசு இரண்டாக நிற்கும்போது, ஒரு வெற்றிலையில் வெள்ளைப்பூவும் இன்னொரு வெற்றிலையில் செவ்வரளியும் வைத்து, உள்ளே இருப்பது தெரியாதபடி மடித்து, வாழைநாரால் கட்டி அம்மன் முன்னால் போடுவோம். கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சு அதோடு சரி. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அம்மனைச் சோதித்த பாவம் வரும். அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

அந்தக் கடைசி வழக்கம்தான் எனக்கு வசதியாகப் போயிற்று.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை. என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். சத்தம் போட்டுப் பேசாத மனுஷர். பேச வேண்டிய இடத்திலும் பேச மாட்டார். அவருக்காக அவருடைய அம்மாவும் தாய்மாமனும் பேசினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நடந்தது.

“ஏலே, வக்கீலப் பாத்து விலக்கு எழுதி வாங்கு. பெறகு ஊரறிய ஒருத்தியக் கட்டு. ஒருத்தி இருக்கயில இன்னொருத்தியக் கட்டினா உள்ள தூக்கி வெச்சிருவான்” என்றார் மாமா.

“கோர்ட்டு வாசல்ல போயி நிக்க எங்களால ஆகாது” என்றார் என் மாமியார்.

“அப்பம் ஒண்ணு செய்வோம். பேர மாத்திக்கிட்டு பாய்மாருக மதத்துக்குப் போயிருலே. அங்கன நாலு கட்டலாம். கட்டிட்டு ஒரு வருசங்கழிச்சுத் திரும்பி வந்துக்கிடலாம். யாரு கேக்கப் போறா?” என்றார் மாமா.

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. விலக்கு என்றால் நான் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே மதினிக்கு நான் இரண்டு நாள் தங்கினாலே முகம் மாறிவிடும். மதம் மாறுவது என்றால் எங்கள் அம்மனை விட்டுவிட வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் அவளைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான்.

மறுநாள் எதிர்வீட்டு பாய் வீட்டம்மாவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் ஜாக்கெட் தைப்பவர். மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“எங்க மார்க்கம் என்னத்தா டவுன் பஸ்ஸா? ஏறி ஒரு ஸ்டாப்புல எறங்கிக்கிடறதுக்கு? நாலு கட்டலாங்கிறது மட்டும் எல்லா ஆம்பளைக்கும் மனப்பாடமாத் தெரியுது. அம்புட்டுப் பேரையும் ஒண்ணுபோல வெச்சுக்கிடணும், முடியாட்டி ஒண்ணோட நில்லுன்னு இருக்கே, அதை ஒருத்தனும் சொல்ல மாட்டான். எங்க வீட்டு மனுசன் ரெண்டாவதுன்னு வாயத் தொறக்கட்டும். பொணத்துக்குச் சுத்துற கஃபன் துணிய நானே தச்சிருவேன். மெஷின் ரெடியாத்தேன் இருக்கு.”

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவர் சிரிக்கவில்லை. “உங்க சட்டம் ஒனக்குத்தானே காவலா இருக்கு. நீ ஏன் பயப்படுத? முடியாதுன்னு சொல்லிட்டு ஒக்காரு” என்றார்.

அவர் சொன்னது சரிதான். என் சம்மதம் இல்லாமல் என்னை யாரும் அனுப்பியிருக்க முடியாது, என் வீட்டுக்காரரும் இன்னொருத்தியைக் கட்டியிருக்க முடியாது. அப்போது அது என் புத்தியில் ஏறவில்லை. வீட்டைவிட்டுப் போகாமல் இருக்க ஒரே வழி, இளையவளை நானே கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். நான் பார்த்துக் கொண்டுவந்தவள் என்னைத் துரத்த மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். ஊரில் இதைப் பெருந்தன்மை என்றார்கள். பயம் என்று எனக்குத் தெரியும்.

எனக்குச் சித்தி முறையில் ஒருவர் சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். அந்தக் காலத்தில் காட்டு வேலைக்குப் போன குடும்பம், இப்போது எல்லோரும் வெடி கம்பெனியில். சித்தப்பா இறந்துபோயிருந்தார். ஒரே மகள், இருபது வயது, கம்பெனியில் திரி ஒட்டும் வேலை. எனக்குத் தங்கச்சி முறை. அவளைத்தான் கேட்டேன். தகப்பன் இல்லாத பெண் என்பதால்தான் கேட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சித்தி உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

“நீ நல்லா வெச்சுக்கிடுவ, எனக்குத் தெரியும். ஆனா சட்டத்துக்குத் தெரியாம கட்டிக் குடுத்தா எம் மக நாளைக்கு யாரு? நாலு பேரு கேட்டா என்னன்னு சொல்லுவா?”

“ஆத்தா சந்நிதியில தாலி கட்டுறோம் சித்தி. ஆத்தாளுக்கு மேல என்ன சட்டம்?” என்றேன். கூச்சமே இல்லாமல் சொன்னேன்.

சித்தி ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சொல்லி அனுப்பினார். பூக்கட்டிப் பார்ப்போம், அம்மன் சொன்னால் கொடுக்கிறேன் என்று. மல்லாங்கிணறு தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இருக்கிறது எங்கள் கோயில். இரண்டு குடும்பத்துக்கும் அவள்தான் குலதெய்வம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரரோடு இரண்டு வீட்டாரும் போனோம். பூசாரி தட்டில் வெற்றிலையும் நாரும் எடுத்து வைத்தார். அப்போது சித்தி சொன்னார்:

“கட்டுறது மூத்தவ கையால இருக்கட்டும். எந்தப் பொம்பளையும் தம் புருசனைப் பங்கு போடுறதுக்கு மனசறிஞ்சு கட்ட மாட்டா. அவ கட்டி வெள்ளை வந்தா, அது ஆத்தா குடுத்ததுதேன். எடுக்கிறது எம் மகளே எடுக்கட்டும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நியாயமான ஏற்பாடு என்றார் பூசாரி. நான் திருட்டு செய்தால் சிவப்புக்காகத்தான் செய்வேன், வெள்ளைக்காகச் செய்ய மாட்டேன் என்று அத்தனை பேரும் நம்பினார்கள்.

அரளிச் செடிக்குப் பக்கத்தில் திரும்பி உட்கார்ந்து கட்டினேன். முதல் வெற்றிலையில் நந்தியாவட்டையை வைத்தேன். இரண்டாவது வெற்றிலையை எடுத்தபோது என் கண்ணுக்கு முன்னால் அண்ணன் வீட்டு வாசல்தான் தெரிந்தது. செவ்வரளியை இடுப்பு மடிப்புக்குள் தள்ளிவிட்டு, இன்னொரு நந்தியாவட்டையை வைத்து நாரைச் சுற்றினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

சித்தி மகள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை. சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். “அக்கா, ஆத்தா எங்கிட்டப் பேசிட்டாக்கா. இம்புட்டு நாளா நான் ஒண்ணும் கேட்டதில்ல. மொதத் தடவ கேட்டேன், பேசிட்டா” என்றாள். மற்ற பொட்டலத்தைப் பூசாரி கிணற்றில் போட்டார். வரும் வழியில் ஒரு வேலிக்குப் பின்னால் ஒதுங்குவது போல ஒதுங்கி, இடுப்பில் இருந்த அரளியைக் கீழே போட்டேன்.

அடுத்த மாதம் அதே சந்நிதியில் என் வீட்டுக்காரர் அவளுக்குத் தாலி கட்டினார். பத்திரிகை இல்லை, மேளம் இல்லை, எங்கேயும் கையெழுத்து இல்லை. ஆரத்தி நான்தான் எடுத்தேன்.

அவள் வந்த பிறகு வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. நானும் அவளும் ஒத்துமையாக இருந்தோம். காலையில் கம்பெனி வேன் வரும், ஏறிப் போவாள். சாயங்காலம் கை ரேகையெல்லாம் வெள்ளி மருந்து ஏறி மினுங்க வருவாள். சீயக்காயும் புளியும் போட்டுத் தேய்த்தாலும் போகாது. “அக்கா, எங் கையில பாருங்க, சினிமாக்காரி மாதிரி ஜிகினா” என்பாள். நான் வீட்டில் காலண்டர் அட்டையில் தேதித் தாள் கட்டை ஒட்டுவேன். அவளும் வந்து கூட உட்கார்ந்து ஒட்டுவாள். என் மாமியார் கடைசி ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அள்ளிக் கொட்டியது அவள்தான்.

குழந்தை அவளுக்கும் வரவில்லை. அஞ்சு வருஷம் கழித்து மதுரையில் ஒரு டாக்டரம்மா, “வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க” என்றார். அதுவரை ஒருத்தருக்கும் அவரைச் சோதிக்கத் தோன்றவில்லை. குறை அவரிடம்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது நாங்கள் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். அவள்தான் முதலில் பேசினாள். “ஆத்தா ஒரு காரணத்தோடதேன் என்னைய இங்கன அனுப்பிருக்கா. பிள்ளைக்கு இல்லேன்னா வேற எதுக்கோ” என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயசுதான்.

போன வருஷம் வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஓர் அம்மா படிவத்தோடு வீடு வீடாக வந்தார். என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து பதில் சொன்னார். இளையவள் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பேருக்கு அப்பா பேருதான் இருக்கு. கல்யாணம் ஆகலையா? இவங்க உங்களுக்கு என்ன முறை?”

அவர் படிவத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, “எஞ் சம்சாரத்தோட தங்கச்சி” என்றார்.

பொய் இல்லை. முறைப்படி தங்கச்சிதான். முறத்தின் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது, முன்னைவிட வேகமாக. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அந்த வாரமே கம்பெனிப் பெண்களுக்காக ஒரு சட்ட உதவிக் கூட்டம் நடந்தது. “நீங்களும் வாங்கக்கா, தனியாப் போகக் கூச்சமா இருக்கு” என்று என்னையும் கூட்டிப் போனாள். ஒரு வக்கீலம்மா, முப்பது வயசு இருக்கும், பொறுமையாகக் கேட்டார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. பக்கத்துவீட்டுக்காரி என்று நினைத்திருப்பார்.

“முதல் மனைவி உயிரோட இருக்காங்க, விவாகரத்தும் ஆகலைன்னா, இந்துச் சட்டப்படி உங்க கல்யாணம் செல்லாதும்மா. கோயில்ல கட்டினாலும் செல்லாது.”

“அப்பம் நான் யாரு மேடம்?”

“சட்டப்படி பாத்தா நீங்க கல்யாணம் ஆகாதவங்க. ஒருவகையில உங்களுக்குக் கட்டும் இல்ல. நீங்க யாரையும் முறைப்படி கல்யாணம் செஞ்சுக்கலாம்.”

“அவுக மேல குத்தம் இல்லையா?”

“இருக்கு. ஆனா அதுக்கு வழக்குப் போடணும்னா மூத்த மனைவி போடணும். இல்ல அவங்க சார்பா அவங்க குடும்பத்து ஆளுங்க. பாதிக்கப்பட்டவங்க அவங்கன்னுதான் சட்டம் பாக்குது.”

பாதிக்கப்பட்டவள் நான்! அவள் பக்கத்தில், அவள் தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரும் வழியில் அவள் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். “கல்யாணம் ஆகாதவளாம்க்கா. பதினாலு வருசமா அந்த மனுசனுக்குச் சோறு போட்டு, துணி தொவைச்சு, கூடப் படுத்து எந்திரிச்சிருக்கேன். கல்யாணம் ஆகாதவளாம்.”

எதிர்வீட்டு பாய் வீட்டம்மாவுக்கு இது தெரிந்ததும் என்னிடம்தான் கோபப்பட்டார். “எங்காளுக ரெண்டாவது கட்டினா அதுவுந் தப்புத்தேன்னு நான் சொல்லுவேன். ஆனா பள்ளிவாசல் நோட்டுல அவ பேரும் இருக்கும். நீங்க ஒரு பொண்ணைக் கொண்டாந்து ஒரு காகிதத்துலயும் இல்லாம வெச்சிருக்கீக. இதுல சாமி பேரு வேற” என்றார்.

தை மாதம் அவளைப் பெண் கேட்டு ஒரு பேச்சு வந்தது. அவள் கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர், பெண்டாட்டி இறந்து நாலு வருஷம் ஆனவர், ஒன்பது வயதில் ஒரு மகள். கூட வேலை பார்க்கிற பெண் மூலமாகக் கேட்டிருக்கிறார். எல்லாம் தெரிந்தே கேட்டிருக்கிறார். ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்து எழுதிக்கொள்வோம், யாருக்கும் ஒளிக்க வேண்டாம் என்றாராம். இதை அவளே என்னிடம் சொன்னாள், அட்டைக்குப் பசை தடவிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப் போல.

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல? நல்ல மனுசந்தேன். அந்தப் பிள்ளை ஒரு நாள் வண்டியில வந்திருந்துச்சு. எங் கையப் பாத்துட்டு, ‘இது எப்படி வந்துச்சு’ன்னு தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு.” கொஞ்சம் சிரித்தாள். பிறகு, “முடியாதுன்னுட்டேன்” என்றாள்.

“ஏன்?”

“என்னக்கா கேக்கீக? சட்டத்துக்கு நான் ஒண்ணுமில்ல. இவுகளுக்கும் நான் ஒங்க தங்கச்சி. ஆத்தா கணக்குலதேன் நான் அவுக பொண்டாட்டி. அவ எங் கையில குடுத்த வாக்கு. அதையும் நான் ஒதறிட்டா, இம்புட்டு வருசம் நான் வாழ்ந்ததுக்குப் பேரு என்ன?”

சட்டம் அவளைக் கட்டவில்லை. என் வீட்டுக்காரர் கட்டியதும் அவிழ்ந்துபோயிற்று. மிச்சம் இருந்த ஒரே கட்டு நான் வெற்றிலையில் சுற்றிய அந்த நார்தான்.

மறுநாள் தனியாகக் கோயிலுக்குப் போனேன். “மன்னிச்சிரு தாயே” என்று விழுந்து கும்பிட்டேன். எனக்கு ஓர் ஆறுதலும் கிடைக்கவில்லை. பூசாரி குங்குமம் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். நான் ஏமாற்றியது அம்மனை மட்டுமா? அம்மனுக்கு அன்றைக்கே எல்லாம் தெரியும். தெரியாதவள் வீட்டில் இருக்கிறாள். அவள் சாமியிடம் கேட்ட ஒரு கேள்விக்குச் சாமிக்கு முன்னால் நான் பதில் சொல்லிவிட்டேன். அம்மனிடம் வந்து அழுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

அப்படியும் ஒன்பது நாள் ஓட்டினேன். ஒரு நாள் அவளுக்குத் தலைவலி என்று சொல்லவில்லை. ஒரு நாள் பாய் வீட்டம்மா வந்துவிட்டார் என்று சொல்லவில்லை. இரண்டு செவ்வாய்க்கு விரதம் இருந்தேன், விரதத்தன்று எதற்கு இந்தப் பேச்சு என்று தள்ளிப்போட்டேன். கம்பெனி லீவு நாள் ஒன்றில், மத்தியானம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். என் வீட்டுக்காரரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப்பூத்தேன் வெச்சேன்.”

அவளுக்குப் புரியவில்லை. “என்னைக்கு?” என்றாள். சொன்னேன். அரளியை எங்கே மறைத்தேன், எங்கே போட்டேன் என்று எல்லாம் சொன்னேன். ஏன் செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

“ரெண்டுலயுமா?”

“ஆமா.”

கையில் இருந்த சேலையை மடித்து முடித்தாள். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். எடுத்தவள் அதை மடிக்கவில்லை.

“அப்பம் ஆத்தா எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?”

இதற்கு நான் தயாராக இல்லை. திட்டுவாள், அடிப்பாள், என் முடியைப் பிடிப்பாள் என்று நினைத்திருந்தேன். வாழ்க்கை போய்விட்டது என்று அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் அழுதது சாமிக்காக. தாயைப் பறிகொடுத்த பிள்ளை மாதிரி, “ஒண்ணுமே சொல்லலையா, ஒண்ணுமே சொல்லலையா” என்று கேட்டு அழுதாள். நான் எடுத்தது அவளுடைய பதினான்கு வருஷத்தை மட்டும் இல்லை.

“ஒழுங்காக் கட்டியிருந்தா எது வந்திருக்கும்?” என்று கேட்டாள்.

“தெரியலயே.”

“ஒங்களுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இனி தெரியவும் வழியில்ல.”

ஒரு பையில் நாலு சேலையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் வாசல் வரை போய் நின்றார். பஸ் போனதும் உள்ளே வந்து என்னைக் கேட்டார்:

“இப்ப ஏன் சொன்ன?”

“எப்ப சொல்லணும்?”

“வேலிக்குப் பின்னால நீ போட்ட அரளிய நான் அன்னைக்கே பாத்தேன்.”

“பாத்துட்டுமா பேசாம இருந்தீக?”

அவர் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர்மேல் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஓர் ஓரத்தில், குற்றம் எனக்கு மட்டும் இல்லை என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் பார்த்தார். செய்தது நான்.

நாலு நாள் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. “எங்கம்மாகிட்ட நான் சொல்லல. நீங்க வந்து ஒங்க வாயால சொல்லுங்க” என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

போனேன். சித்திக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. என் குரலைக் கேட்டு, “வாத்தா, வெயில்ல வந்திருக்க, மோரு குடி” என்றார். மோரைக் குடித்துவிட்டுச் சொல்ல மனசு வரவில்லை. கையில் சொம்போடு நின்றபடியே சொன்னேன்.

சித்தி முதலில் நம்பவில்லை. “நீ ஏன்த்தா அப்படிச் செய்யப் போற? ஒனக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா?” என்றார். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்து மண்ணை அள்ளி என் பக்கம் வீசினார். “பாவி, ஒங் கையத்தானடி நம்புனேன். ஒங் கையால கட்டச் சொன்னது நாந்தானடி. நாந்தானடி சொன்னேன்!” என்று தன் தலையில் அடித்துக்கொண்டார். என்னைத் திட்டியதைவிட அவர் தன்னைத் திட்டிக்கொண்டதுதான் அதிகம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தண்டனையைத்தான் அவள் எனக்குக் கொடுத்தாள் என்று நினைக்கிறேன். அவள் சுவர் ஓரமாக நின்று முழுக்கக் கேட்டாள். கடைசியில், “போதும்மா, விடு” என்றாள். சொம்பை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

பிறகு கழுத்தில் இருந்த தாலியைத் தலை வழியாகக் கழற்றினாள். அதை என்னிடம் தரவில்லை. உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். “இதை என்ன செய்யணும்னு நான் பாத்துக்கிடுதேன். யாருட்டயும் கேக்கப் போறதில்ல. பூவும் கட்டப் போறதில்ல” என்றாள். சித்தி சத்தமாக அழுதார். நான் பஸ் ஏறினேன்.

அதற்கப்புறம் அவள் ஒரே ஒரு தரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்திரை மாதம், காலை நேரம். கம்பெனி வேன் தெருமுனையில் நின்றது, அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தாள். தன் ஆதார் அட்டை, பள்ளிக்கூட டி.சி., அப்பாவின் போட்டோ, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வேண்டியிருக்கும் போல என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை. ஒரு வேளை வேறு எதற்காகவும் இருக்கலாம். அவர் பிரஸ்ஸுக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். அவள் வாசல்படி இறங்கும்போது என்னால் தாங்க முடியவில்லை.

“என்னைய மன்னிச்சிருவியா?”

நின்று, திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை முகத்தில். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று யோசிக்கிறவள் மாதிரி இருந்தது.

“இல்லன்னா ஒங்களுக்குக் கஷ்டம். சரின்னா எனக்குக் கஷ்டம். இப்பம் கேக்காதீக” என்றாள்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். “இந்தா வந்துட்டேன்ணே” என்று குரல் கொடுத்துக்கொண்டே நடந்தாள். எதிர்வீட்டு பாய் வீட்டம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவரிடம் மட்டும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.